தள்ளிவிடாதவள்

மாசி மாதத்தில் மேகம் கூடிவிட்டால் ஊத்துக்கொல்லையில் ஒருவருக்கும் கை ஓடாது, கால் ஓடாது. புளி முற்றி மரத்தில் தொங்குகிற நேரம் அது. ஒரு மழை விழுந்தால் போதும், ஓடு ஊறிப் பழம் கறுத்துப்போகும். கீழ்நாட்டு வியாபாரி கையால்கூடத் தொடமாட்டான். எண்பத்திரண்டாம் வருஷம் மாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, விடிந்ததும் விடியாததுமாக மேற்கே அப்படித்தான் கறுத்துக்கொண்டு வந்தது.

தீர்த்தகிரிக்கு இருந்தது ஒரே ஒரு பெரிய புளியமரம். வேர் அவன் கொல்லையில். கிளையில் பாதி காளியம்மன் கோயில் எல்லைக்கல்லைத் தாண்டி அந்தப் பக்கம். செவ்வாய்க்கிழமை அம்மனுடைய நாள். அன்றைக்குக் கோயில் எல்லைக்குள் அந்த மலையூரில் யாரும் அரிவாள் ஓங்குவதில்லை, மரம் ஏறுவதில்லை. தீர்த்தகிரி வானத்தைப் பார்த்தான். மரத்தைப் பார்த்தான். துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு ஏறிவிட்டான்.

அவன் பெண்சாதி கெங்கம்மாள் கீழே பழம் பொறுக்கிக்கொண்டிருந்தாள். மேலே கிளை உலுக்குகிற சத்தம், பழம் மண்ணில் பொலபொலவென்று கொட்டுகிற சத்தம், இரண்டும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டிருந்தன. நடுவில் வேறு ஒரு சத்தம் வந்தது. காய்ந்த மூங்கிலை மிதித்தது போல. அவள் தலை நிமிர்வதற்குள் அவன் பாறை ஓரத்தில் மல்லாந்து கிடந்தான். முறிந்த கிளை பக்கத்தில் கிடந்தது. அவன் முகத்தில் ஒரு கீறல் இல்லை. ரத்தம் இல்லை. கண்ணைத் திறந்து அவளையே பார்த்தான்.

"கெங்கா, என் காலு எங்கமே கீது?" என்றான்.

"கீதே மாமா. ரெண்டும் கீதே."

"இல்லமே. எனக்குத் தெர்ல."

அவள் அவன் பாதத்தைப் பிடித்து அமுக்கினாள். நகத்தால் கிள்ளினாள். அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், கிள்ளுகிறாள் என்பதே தெரியாமல்.

அன்றைக்கு மழை பெய்யவில்லை. உச்சிப் பொழுதுக்குள் மேகம் கலைந்து வெயில் வந்துவிட்டது.

இரண்டு மூங்கிலில் கம்பளியைக் கட்டி டோலி செய்தார்கள். முன்பக்கம் தோள் கொடுத்தவன் கெங்கம்மாளின் அண்ணன் மாதையன். கோயில் பூசாரி அவன்தான். ஒற்றையடிப் பாதையில் சரளைக்கல் உருள உருள, தச்சமரத்துக் காடு வழியாக மலையடிவாரத்து அமிர்திக்கு இறங்கினார்கள். தங்கச்சி புருஷன் அலுங்கிவிடக் கூடாது என்று மாதையன் வழி முழுக்கத் தோள் மாற்றவே இல்லை. அமிர்தியில் பஸ் பிடித்து வேலூர் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் போட்டார்கள். மற்றவர்கள் ஊருக்குத் திரும்பினார்கள். கெங்கம்மாள் மட்டும் இருந்தாள்.

அவள் வேலூரை அதற்கு முன் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் தூணோரமாக ஒரு பழம்புடவையை விரித்து உட்கார்ந்திருப்பாள். வெள்ளைக் கோட்டுப் போட்டவர்கள் அவளைத் தாண்டித் தாண்டிப் போவார்கள். யாரிடம் எதைக் கேட்பது என்று தெரியாது. மலைப்பேச்சைக் கேட்டு நர்ஸுகள் சிரிப்பார்கள். கடைசியில் ஒரு வயதான டாக்டர் அவளைக் கூப்பிட்டு, முதுகுத் தண்டில் நரம்பு அறுந்துவிட்டது, இடுப்புக்குக் கீழே இனி உயிர் வராது, வீட்டுக்குக் கூட்டிப் போய்ப் பார்த்துக்கொள் என்று பொறுமையாகச் சொன்னார். அவள் தலையை ஆட்டிவிட்டு வராந்தாவுக்கு வந்து உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. மூச்சுத்தான் முட்டியது. தலையைத் தூணில் சாய்த்து, "அம்மா... அம்மா..." என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். வேறு வேண்டுதல் எதுவும் அவளுக்கு வாயில் வரவில்லை.

அப்படிச் சொல்லிக்கொண்டே இருந்தபோது முட்டிய மூச்சு மெல்ல இறங்கியது. மஞ்சளும் சாம்பிராணியும் கலந்த ஊர்க் கோயில் வாசனை எங்கிருந்தோ வந்தது. யாரோ பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. திரும்பிப் பார்க்கவேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. அது யார் என்று அவளுக்குத் தெரியும். அவள் அந்தத் தூணில் சாய்ந்தபடியே, வேலூருக்கு வந்த பிறகு முதல்முறையாகத் தூங்கிப்போனாள்.

பங்குனி முடிவில் அதே டோலியில் தீர்த்தகிரி மலையேறினான்.

அந்த வருஷம் சித்திரையில் பெய்யவேண்டிய கோடை மழையும் பெய்யவில்லை. ஊற்று வற்றியது. மூங்கில் குருத்து விடவில்லை. பெண்கள் பாதிநாள் தண்ணீருக்கே நடந்தார்கள். ஊர் பயந்துபோய்க் கோயிலில் கூடி, அம்மனை அழைத்துக் குறி கேட்டது. மாதையன் மேல் அம்மன் வந்தது. கெங்கம்மாள் அங்கே போகவில்லை. புருஷனுக்கு முதுகில் புண் வைத்துவிட்டது, வேப்பிலை அரைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். பம்பைச் சத்தம் கேட்டது, அப்புறம் நின்றது. கொஞ்ச நேரத்தில் ஊர்க்கவுண்டர் கண்ணாயிரம் படலைத் தள்ளிக்கொண்டு வந்தார். அவருக்குப் பின்னால் மாதையன் வாசலுக்கு வெளியிலேயே தலைகுனிந்து நின்றான்.

கண்ணாயிரம் கெட்டவர் அல்ல. குரலை உயர்த்தாமல்தான் சொன்னார்.

"தீர்த்தகிரி, அம்மா வாய் தொறந்து சொல்லிட்சிப்பா. செவ்வாக்கெழம என் எல்லையில ஏறுனான், நான்தான் தள்ளுனேன்னு சொல்லிட்சி. அந்தக் கோவத்துலதான் மழையும் நின்னு போச்சி."

தீர்த்தகிரி கூரையைப் பார்த்தபடி கிடந்தான்.

"ஒன்னும் பெரிசா கேக்கல. கார்த்திகையில திருநாளு வருதில்ல, அன்னிக்கி உன்னக் கோயிலுக்குத் தூக்கியாருவோம். மண்ணத் தொட்டு, 'நான் செஞ்ச தப்புக்கு அம்மா என் காலை எடுத்துகினா'ன்னு ஊர் முன்னால ஒரு வார்த்த சொல்லிட்டா போதும். அதுவரைக்கும் வூட்டுக்குக் கட்டு. கொடுக்கல் இல்ல, வாங்கல் இல்ல. யாரும் கை வேலைக்கு வரமாட்டாங்க. இது ஊருக்காகப்பா. மனசுல வெச்சிக்காத."

"சொல்லிட்றேன் கவுண்டரே," என்றான் தீர்த்தகிரி. "இன்னிக்கே தூக்கினு போங்க. இன்னிக்கே சொல்லிட்றேன்."

கெங்கம்மாள் வேப்பிலைக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"அவர் சொல்ல மாட்டாரு," என்றாள்.

"இன்னாமே நீ..." என்றான் தீர்த்தகிரி.

"நீ சும்மா இரு மாமா. கவுண்டரே, செவ்வாக்கெழம ஏறுனது தப்புன்னு சொல்லச் சொல்லுங்க, சொல்லுவாரு. ஆடு வெட்டச் சொல்லுங்க, வெட்றோம். அம்மா தள்ளுனான்னு மட்டும் சொல்லச் சொல்லாதீங்க."

"நானா சொல்றேன்? அம்மாவே சொல்லிட்சேம்மா. உங்க அண்ணன் வாயாலதான வந்துது."

அவள் படலுக்கு வெளியே பார்த்தாள். "அண்ணா, உன் வாயாலயா வந்துது?"

மாதையன் நிமிரவில்லை. "எனக்குத் தெரியாது தங்கச்சி. அம்மா வரும்போது நான் இருக்கறதில்ல. அப்பால இவங்க சொன்னாங்க."

"பாருங்க கவுண்டரே," என்றாள் கெங்கம்மாள். "நான் பொறந்ததுலேர்ந்து அவளத்தான் கும்புட்றேன். எங்கம்மா செத்தப்போ அவகிட்டதான் போயி அழுதேன். வேலூர்ல ஒரு நாதி இல்லாம கெடந்தப்போ அவதான் என் பக்கத்துல வந்து குந்திகினு இருந்தா. எங்க வூட்டுக்கார்ர நொண்டியாக்கனது அவதான்னு என் வூட்டு வாயாலயே சொல்லிட்டா, அதுக்கப்பறம் நான் யாரப் போயி கும்புட்றது? சொல்லுங்க. எனக்கு வேற யாரு கீறாங்க?"

கண்ணாயிரம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். ஊர்க்கவுண்டர் ஏதாவது சொல்லாமல் திரும்பிப் போக முடியாது என்பதால், "ஊர் சொன்னது சொன்னதுதாம்மா," என்று சொல்லிவிட்டு வெளியேறினார். மாதையன் இன்னும் கொஞ்சம் நின்றான். பிறகு அவனும் போனான்.

"ஒரு வார்த்ததானமே," என்றான் தீர்த்தகிரி. "சொல்லிட்டா முடிஞ்சிது. காலுதான் போச்சி, ஊரும் போவணுமா?"

"போனா போவட்டும்."

"அவ தள்ளலன்னா அப்பறம் யாருதான் தள்ளுனது?"

"யாரும் தள்ளல மாமா. கெள முறிஞ்சிது. நீ வுழுந்த."

அது அவனுக்குத் தாங்கவில்லை. அம்மன் தண்டித்தாள் என்றால் அதில் ஒரு கணக்கு இருக்கிறது. வெறுமனே கிளை முறிந்தது என்றால் என்ன செய்வது? அவன் சுவர்ப்பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டான்.

வைகாசி, ஆனி இரண்டு மாதமும் அவன் அவளிடம் சரியாகப் பேசவில்லை. கேழ்வரகுக் களியைக் கிண்டிப் புளிச்சாறோடு கொண்டுவந்து வைத்தால் இரண்டு வாய் தின்றுவிட்டுத் தள்ளிவிடுவான். கீழே படவேட்டுப் பக்கம் கட்டிக்கொடுத்த மகள் சகுந்தலா வந்து நாலு நாள் இருந்தாள். அப்பனைப் பார்த்து அழுதாள். "இந்த ஊரும் வாணாம், சாமியும் வாணாம், ரெண்டு பேரும் கீழ வந்துடுங்க," என்றாள். "இது எங்கம்மா ஊரு, எங்க வர்றது?" என்று கெங்கம்மாள் சொன்னாள். எந்த அம்மாவைச் சொல்கிறாள் என்று மகளுக்கு விளங்கவில்லை. அம்மாவுக்குப் பிடிவாதம் என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிவிட்டாள்.

வேலை எல்லாம் கெங்கம்மாள் தலையில்தான். காலையில் புருஷனைத் திருப்பிப் படுக்கவைத்து, துடைத்து, புண்ணுக்கு மருந்து போட்டு, மாட்டை ஓட்டிக்கொண்டு காட்டுக்குப் போவாள். கடுக்காய் பொறுக்குவாள். பலாக்கொட்டையைச் சுட்டு மடியில் வைத்திருப்பாள், அதுதான் மத்தியானச் சாப்பாடு. தண்ணீர்த் துறையில் மற்ற பெண்கள் அவளைப் பார்த்ததும் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். அண்ணன் பெண்சாதி சாந்தம்மாள் மட்டும் நகரமாட்டாள், பேசவும் மாட்டாள். தான் மொண்ட குடத்தை அங்கேயே வைத்துவிட்டுக் கெங்கம்மாளின் காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு மறுபடி மொள்ளப் போவாள்.

தினமும் மாடு ஓட்டிப் போகும்போது கெங்கம்மாள் கோயில் எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம் நிற்பாள். அந்தப் பக்கம் போகக் கூடாது என்பது கட்டு. உள்ளே கூரை இல்லாத கல் சுற்றுக்குள் சூலம் தெரியும். அதைப் பார்த்துச் சண்டை போடுவாள். "இன்னா பாத்துகினு கீற? நீ தள்ளுனேன்னு ஊரெல்லாம் சொல்லுது. உனக்குச் சொரணை இல்லியா? நான் ஒருத்தி உனக்காகப் பேசிகினு கீறேன். நீ எனக்காக ஒரு நடை வரமாட்டியா?" சில நாள் அழுவாள். சில நாள் காலைக் கொடு என்று கெஞ்சுவாள். பேசித் தீர்ந்ததும் கொஞ்ச நேரம் சும்மா நிற்பாள். காற்று அடிக்கும், சூலத்தில் கட்டிய மணி எப்போதாவது ஒரு தட்டுத் தட்டும். வேலூர் வராந்தாவில் இறங்கியது போல மூச்சு இறங்கும். அப்புறம் மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விடுவாள். அந்தக் கொஞ்ச நேரத்தை வைத்துக்கொண்டுதான் அவள் மிச்சப் பொழுதையெல்லாம் ஓட்டினாள்.

ஒருநாள் தீர்த்தகிரி களியைத் தொடாமலே சொன்னான். "கெங்கா, அரளி வெத இருந்தா அரைச்சி இதுல போட்டுக் குடுத்துடு. உனக்கும் நல்லது."

அவள் தட்டை எடுத்து முற்றத்தில் வீசினாள். கோழிகள் ஓடி வந்தன.

"செத்துப் போறியா? போ. ஊரு இன்னா சொல்லும் தெரியுமா? காலை எடுத்தா, அப்பறம் உசுரையும் எடுத்துகினான்னு அவ மேலதான் போடும். அவளுக்கு அந்தப் பேரை வாங்கிக் குடுக்கறதுக்கா உன்ன நான் தொடச்சி தொடச்சி வெச்சிகினு கீறேன்? நீ இருக்கணும். இருந்து அவ முன்னாடி வந்து உக்காரணும். அவ்ளோதான்."

அவன் அவளை அப்படிப் பார்த்ததே இல்லை. தலையில் முக்காடில்லாமல், மூக்கு விடைத்து, கையில் களி ஒட்டிக்கொண்டு நின்றாள். பயத்தோடு ஒரு சிரிப்பும் வந்தது அவனுக்கு. "சரி, வேற களி கெளறு," என்றான்.

ஆடி பிறந்து ஒரு மழை விழுந்தது. பெரிய மழை இல்லை. மண் ஒரு சாண் நனைந்தது. ஊரே ஏரைத் தூக்கிக்கொண்டு சாமைக் கொல்லைக்கு ஓடியது. கெங்கம்மாளின் கொல்லைக்கு மட்டும் ஆள் வரவில்லை. ஏர் சுவரோரம் சாய்ந்திருந்தது. ஈரம் போவதற்குள் உழவில்லை என்றால் வருஷம் முழுக்கச் சோறு இல்லை.

அந்த ஊரில் பெண்கள் விதைப்பார்கள், களை பறிப்பார்கள், அறுப்பார்கள், கதிர் மிதிக்க மாடு கட்டித் தாம்பு ஓட்டுவார்கள். ஏர் மட்டும் தொடமாட்டார்கள். தொட்டால் மழை நின்றுவிடும் என்பது பேச்சு.

அவள் மண் சமப்படுத்துகிற பரம்புப் பலகையை எடுத்து முற்றத்தில் போட்டாள். அதன் மேல் வைக்கோலைப் பரப்பினாள். புருஷனைத் தூக்கி அதில் சாய்த்து, புடவைத் துணியால் இடுப்போடு சேர்த்துக் கட்டினாள்.

"இன்னாமே பண்ற?"

"மாடு என் பேச்சு கேக்காது. உன் பேச்சுதான் கேக்கும். கொல்லைக்கு வந்து பேசு."

செவலை, மயிலை இரண்டு மாடும் பலகையை இழுத்துக்கொண்டு கொல்லைக்குப் போயின. வரப்பு மேட்டில் பாறை நிழலில் அவனைச் சாய்த்து உட்கார வைத்தாள். மாட்டை ஏரில் பூட்டினாள். மேழியைக் கையில் பிடித்ததும் ஏர் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கொழுமுனை மண்ணில் இறங்காமல் மேலேயே வழுக்கிக்கொண்டு போனது.

"அப்பிடி இல்லமே! மேழிய அமுக்கு. நெஞ்சுக்கு நேரா வெச்சி அமுக்கு."

"அமுக்கிகினுதான் கீறேன்!"

"ரொம்ப அமுக்கிட்ட. மாடு தெணறுது பாரு. ரவ தூக்கு... ஆங். இப்ப போ. த்தா செவல! ஓரம் போடா, ஓரம்!"

செவலை காதைத் தூக்கிப் பாறைப் பக்கம் பார்த்தது. பழகிய குரல். நடந்தது. முதல் உழவுச் சால் பாம்பு போன மாதிரி வளைந்து கிடந்தது. திருப்பத்தில் ஏர் சாய்ந்து அவள் முழங்காலில் அடித்தது. உட்கார்ந்து தேய்த்துக்கொண்டு மறுபடி எழுந்தாள். தீர்த்தகிரி கத்திக்கொண்டே இருந்தான். மாட்டை அதட்டினான், அவளை அதட்டினான், கல் இருக்கிற இடத்தைச் சொன்னான், எங்கே மண் இளக்கம், எங்கே கெட்டி என்று ஒவ்வொரு அடியாகச் சொன்னான். அவன் பிறந்ததிலிருந்து நடந்த கொல்லை அது. பொழுது ஏற ஏறச் சால் நேராயிற்று. புரண்ட மண்ணின் வாசனை வந்தது. குருவிகள் புழு பொறுக்க வந்து உட்கார்ந்தன.

பக்கத்துக் கொல்லைகளில் ஏர்கள் நின்றன. ஒருவன் ஓடிப்போய்க் கண்ணாயிரத்தைக் கூட்டி வந்தான்.

"கெங்கம்மா, ஏரை வுடு!" என்று அவர் வரப்பிலிருந்து கத்தினார். "பெய்யற மழையும் போயிடும்."

"ஆள் அனுப்புங்க, வுட்டுட்றேன்!" என்று அவளும் கத்தினாள், மேழியை விடாமல். "கட்டுப் போட்டது நீங்கதான? எங்கள பட்டினி போட்டா மழை வருமா? எந்தச் சாமி சொல்லிச்சி?"

அவர் தீர்த்தகிரியைப் பார்த்தார். "நீயாவது சொல்லுப்பா."

தீர்த்தகிரியின் முகத்தில் வியர்வை வழிந்தது. தொண்டை கட்டிப்போயிருந்தது. "அந்த மூலையில ஒரு கல்லு கீது கவுண்டரே," என்றான். "அதத் தாண்டறவரைக்கும் நான் கண்ணு எடுக்க முடியாது. ரவ தள்ளி நில்லுங்க."

அன்று பொழுது சாயும்போது கொல்லை பாதி உழுதாயிற்று. அவன் தட்டில் இருந்த களி முழுவதையும் தின்றான். இன்னும் கேட்டான்.

அந்த வருஷம் மழை யாருக்கும் சரியாகப் பெய்யவில்லை. பெண் ஏர் பிடித்ததால்தான் என்று சிலர் சொன்னார்கள். "எல்லார் கொல்லையிலயும் ஒரே வானம்தான், உங்க கொல்லையில யாரு ஏர் புடிச்சாங்க?" என்று தண்ணீர்த் துறையில் கெங்கம்மாள் கேட்டாள். அவளுடைய சாமையும் மற்றவர்களுடையதைப் போலவே குட்டையாகத்தான் வந்தது. கதிர் பாதிக்குப் பாதி பதர். பன்றிக்குக் காவல் இருந்து, அறுத்து, அடித்து, தூற்றினபோது நடுவாந்தரமாக ஒரு குதிர் நிறைந்தது. சாப்பிட்டுக் கிடக்கப் போதும்.

கார்த்திகைத் திருநாளன்று காலையில் அவள் புதுச் சாமையைக் குத்திப் புடைத்து முறத்தில் எடுத்துக்கொண்டாள். மஞ்சள் கட்டிய புதுப்பானையை இடுப்பில் வைத்துக்கொண்டாள். புருஷனைக் குளிப்பாட்டி வெள்ளை வேட்டி கட்டிப் பரம்பில் சாய்த்தாள். மாடுகள் இழுத்துக்கொண்டு போயின. எல்லைக்கல்லைத் தாண்டும்போது அவள் ஒரு விநாடிகூட நிற்கவில்லை.

கோயில் வெளியில் அடுப்புகள் வரிசையாகப் புகைந்துகொண்டிருந்தன. அவர்களைக் கண்டதும் அடுப்பு ஊதிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். கண்ணாயிரம் முன்னால் வந்தார். அந்த வறட்சியில் அவரும் இளைத்துப்போயிருந்தார்.

"வந்துட்டியாப்பா தீர்த்தகிரி. நல்லது. மண்ணத் தொட்டு அந்த வார்த்தைய சொல்லிடு. எல்லாருக்கும் நிம்மதி."

கெங்கம்மாள் வாயைத் திறந்தாள். தீர்த்தகிரி கையைக் காட்டி அவளை நிறுத்தினான். பலகையில் சாய்ந்தபடியே குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்தான்.

"செவ்வாக்கெழம ஏறுனேன்," என்றான் எல்லோருக்கும் கேட்கும்படி. "அது நெசம். ஏறி இருக்கக் கூடாது. அம்மாகிட்ட மன்னிப்பு கேட்டுக்கறேன். ஆனா அவ என்னத் தள்ளல. கெள உளுத்துப்போயி இருந்துது. வானத்தப் பாத்துகினு ஏறுனேன், கெளயப் பாக்கல. முறிஞ்சிது, வுழுந்தேன். அவ மேல பழி போட்டு நான் ஊர்ல சேர வேண்டியதில்ல."

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. "அம்மாவ கூப்புடுங்கடா," என்றார் கண்ணாயிரம் கோபத்தோடு. "அம்மாவே சொல்லட்டும்."

பம்பை முழங்கியது. மாதையன் சூலத்தின் முன்னால் நின்றான். அவன் தோள் முதலில் ஆடியது, பிறகு உடம்பெல்லாம் ஆடியது. கண் செருகியது. வேப்பிலைக் கொத்தைச் சுழற்றிக்கொண்டு தீர்த்தகிரியின் பலகைக்கு எதிரில் வந்து நின்று ஆடினான். கூட்டம் கைகூப்பியது.

கெங்கம்மாள் பானையை இறக்காமலே அவன் எதிரில் போய் நின்றாள்.

"தாயே," என்றாள். "உன் கையில அடி வாங்கணும்னாலும் வாங்கிக்கறேன். ஒன்னே ஒன்னு கேக்கறேன். வேலூர்ல என் பக்கத்துல வந்து குந்துனது நீதான? இங்க ஒருத்தனத் தள்ளி வுட்டுட்டு அங்க வந்து அவன் பொண்டாட்டிக்குத் தொணையா குந்திக்குவியா? நீதான் தள்ளுனேன்னா இப்ப என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு. சொன்னேன்னா இந்தப் பானைய இங்கயே ஒடச்சிட்டுப் போயிட்றேன். இனிமே உன் பேரை எடுக்க மாட்டேன்."

பம்பைக்காரன் கை தானாக நின்றுவிட்டது. மாதையன் உடம்பு நடுங்கிக்கொண்டே இருந்தது. வாய் திறந்தது. உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. மறுபடி திறந்தது. எல்லோரும் அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு வேப்பிலை அவன் கையிலிருந்து நழுவியது. கால் மடங்கி அப்படியே மண்ணில் உட்கார்ந்தான். சாமி மலையேறிவிட்டது.

"பேசாம போயிட்சி பாத்தீங்களா," என்றார் கண்ணாயிரம். "அவ்ளோ கோவம் அம்மாவுக்கு."

"அது நீங்க சொல்றது கவுண்டரே," என்றாள் கெங்கம்மாள். "அவ சொல்லல."

அவள் வரிசையின் கடைசியில் மூன்று கல்லை வைத்து, பானையை ஏற்றினாள். திருநாளன்று அம்மன் விளக்கிலிருந்துதான் எல்லா அடுப்புக்கும் நெருப்பு எடுப்பார்கள். அவள் விறகை அடுக்கிவிட்டு நிமிர்ந்தாள். நெருப்புக் கொடுக்க யாரும் அசையவில்லை. சாந்தம்மாள் தன் அடுப்பிலிருந்து எரிகிற கொள்ளி ஒன்றை இழுத்து எடுத்தாள். அதைக் கையில் பிடித்துக்கொண்டு, வரிசை முழுவதையும் கடந்து, கண்ணாயிரத்தின் முன்னாலேயே நடந்து வந்து நாத்தனாரின் அடுப்பில் செருகினாள்.

"ஈர வெறகா எடுத்தாந்திருக்கியே," என்றாள். கட்டுப் போட்டதற்குப் பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

கண்ணாயிரம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். கட்டை அவிழ்த்தேன் என்றும் சொல்லவில்லை, அவிழ்க்கவில்லை என்றும் சொல்லவில்லை. பாதிப் பேர் அந்தப் பக்கம் பார்க்காமலே பொங்கினார்கள். இரண்டு மூன்று பெண்கள் அடுப்பு நன்றாகப் பிடித்துவிட்டதா என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

மாதையன் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து தீர்த்தகிரி பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். ஒரு சருகை எடுத்துக் கிழித்துக்கொண்டிருந்தான்.

"மாப்ள," என்றான் கடைசியில். "சித்திரையில பேசுனது அம்மாவா, எனக்குள்ள இருந்த பயமான்னு எனக்குத் தெர்ல. இன்னிக்கும் தெர்ல. அந்த மரத்துலேர்ந்து உன்னத் தூக்கினு போன நாள்லேர்ந்து நான் தூங்கல."

"வுடு மச்சான்," என்றான் தீர்த்தகிரி. "தோள் மாத்தாம தூக்கினு போன. அது எனக்குத் தெரியும்."

பானை பொங்கியது. கெங்கம்மாள் முதல் கரண்டியை இலையில் எடுத்துக்கொண்டு சூலத்தின் முன்னால் கொண்டுபோய் வைத்தாள். விழுந்து கும்பிட்டாள். எழுந்து கொஞ்ச நேரம் நின்றாள். திரும்பி வந்து புருஷனுக்கு ஒரு இலையில் சூடாகப் போட்டு, தேன் ஊற்றிக் கொடுத்தாள்.

"இன்னா வேண்டுன?" என்று கேட்டான் அவன்.

"ஒன்னும் வேண்டல."

"காலு கேக்கலியா?"

"கேட்டேன். ஆடி வரைக்கும் தெனமும் கேட்டேன். அப்பறம் நிறுத்திட்டேன்."

"ஏன்?"

அவள் பொங்கலை ஊதிக்கொண்டே யோசித்தாள். "குடுக்கறதா இருந்தா குடுத்திருப்பா. குடுக்கலன்னு தெரிஞ்சப்பறமும் போயி நின்னேனா... அவ போவாம கூடவே இருந்தா. ஒருநாளும் எழுந்து போவல. அதுக்கப்பறம் கேக்கத் தோணல மாமா. மனசு அடங்கிட்சி."

தீர்த்தகிரி கையில் இருந்த பொங்கலைத் தின்று முடித்தான். விரலைத் துடைத்துக்கொண்டான். பலகை கூட்டத்தைப் பார்த்தபடி கிடந்தது. கோயில் அவன் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

"என்னக் கொஞ்சம் திருப்பி உக்கார வையிமே," என்றான்.

கெங்கம்மாள் ஒரு பக்கமும் மாதையன் ஒரு பக்கமும் பிடித்துப் பலகையைத் திருப்பினார்கள். வெயில் சூலத்தின் மேல் விழுந்திருந்தது. அவன் கைகூப்பவில்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு, வெகுநாள் பார்க்காத உறவுக்காரரைப் பார்ப்பது போல, அம்மனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.